நைஜீரியாவில் வேலை கிடைத்தால் கையெழுத்திடும் முன் செய்ய வேண்டியவை

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் ஊர்களில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) வேலையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பழகியவர்களுக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து அழைப்பு வருவது புதிதன்று. அவற்றில் நைஜீரியாவிலிருந்து வரும் அழைப்பு தனியாக நின்று யோசிக்க வேண்டிய ஒன்று. இருபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும், ஆப்பிரிக்காவிலேயே மக்கள்தொகை மிகுந்த அந்த நாட்டில் இந்தியர்கள் சுமார் 60,000 பேர் இருக்கிறார்கள். இந்தியர்கள் நடத்தும் தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் அங்கே ஏராளம். ஆகவே வேலை உண்மையானதாகவே இருக்கலாம், முதலாளியும் நேர்மையானவராகவே இருக்கலாம். அப்படி இருந்தும் மூன்றாண்டு உழைத்துவிட்டுக் கையில் ஒன்றும் மிஞ்சாமல் திரும்ப நேரிடலாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் சம்பளத்தைக் குறிக்கும் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. டேனரி மேற்பார்வையாளர், ரசாயனப் பிரிவுத் தொழில்நுட்பர், கணக்கர், மின்பணியாளர், ஜெனரேட்டர் மெக்கானிக் என்று யார் போவதாக இருந்தாலும் அந்த வரியைச் சரிபார்ப்பதே முதல் வேலை.

சம்பளம் எழுதிய வரியை எப்படிப் படிப்பது

வாலாஜாபேட்டையில் நண்பர் ஒருவரின் மகன் தனக்கு வந்த பணி ஆணையைக் கொண்டுவந்து காட்டினான். நல்ல தாளில், நிறுவனத்தின் முத்திரையோடு, இரண்டு பக்கத்தில் இருந்தது. சம்பளம் டாலரில் எழுதப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த வரியில், சிறிய எழுத்தில், அந்தத் தொகைக்கு "இணையான நைரா" மாதந்தோறும் வழங்கப்படும் என்று இருந்தது. நைரா என்பது நைஜீரிய நாணயம். "மாமா, ஒரு லட்சத்துக்கு மேல் வருகிறதே" என்றான் அவன். இணையான நைரா என்றால் எந்த நாளின் விகிதத்தில், எந்த விகிதப் பட்டியலின்படி என்பது தாளில் எங்கும் இல்லை. கையெழுத்திட்ட நாளின் விகிதத்தை நிறுவனம் இரண்டு ஆண்டுக்கும் பிடித்துக்கொண்டால், மேலே எழுதியிருக்கும் டாலர் தொகைக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

இதன் கனத்தை உணர 2023ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மே 29 அன்று போலா அகமது டினுபு குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற மேடையிலேயே பெட்ரோல் மானியம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். ஜூன் நடுவில் நைஜீரிய மத்திய வங்கி, பல விகிதங்களாகப் பிரித்துக் கட்டுப்படுத்தி வைத்திருந்த நாணய மாற்று முறையைக் கைவிட்டு நைராவைச் சந்தையின் போக்கில் விட்டது. அதற்கு முன் அதிகாரபூர்வமாக ஒரு டாலருக்குச் சுமார் 460 நைரா. 2024 பிப்ரவரியில் அது 1,500ஐத் தொட்டுவிட்டது. மாதம் 5 லட்சம் நைரா சம்பளம் பேசிப் போன ஒருவரை எண்ணிப் பாருங்கள். 2023 மே மாதத்தில் அவருடைய சம்பளம் நம் பணத்தில் ஏறத்தாழ 90,000 ரூபாய். ஓராண்டு முடிவதற்கு முன்பே அதே 5 லட்சம் நைராவின் மதிப்பு 28,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. அவர் வேலையில் குறை வைக்கவில்லை, நிறுவனமும் பேசிய தொகையில் ஒரு நைராகூடக் குறைக்கவில்லை. ஆனால் ஊரில் கட்டிக்கொண்டிருந்த வீடு பாதியில் நின்றிருக்கும்.

ஆகவே சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை வாங்க வேண்டும். எந்த நாணயத்தில் கணக்கிடப்படுகிறது, எந்த நாட்டு வங்கியில் செலுத்தப்படுகிறது, மாற்றம் தேவைப்பட்டால் எந்த நாளின் எந்த விகிதம் என்பவையே அவை. அங்குள்ள இந்திய நிறுவனங்கள் பலவற்றில் சம்பளத்தை இரண்டாகப் பிரித்து, அங்கே செலவுக்கு வேண்டியதை நைராவிலும், மீதியை வெளிநாட்டு அலுவலகத்தின் வழியாக இந்தியாவில் உள்ள கணக்கிலும் செலுத்தும் வழக்கம் உண்டு. கேட்டுப் பெற வேண்டிய ஏற்பாடு அதுதான். மொத்தத்தில் எழுபது விழுக்காட்டுக்குக் குறையாமல் இந்தியக் கணக்குக்கு நேராக வர வேண்டும் என்பது என் கருத்து. முழுச் சம்பளமும் நைராவில் என்றால், உணவும் தங்குமிடமும் இலவசமாகவே இருந்தாலும், ஊரில் கடன் உள்ளவர் அந்த வேலையை ஏற்கக் கூடாது.

நைராவை வாங்கி, டாலராக மாற்றி, நாமே அனுப்பிக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே வங்கியில் டாலர் கேட்டவுடன் கிடைக்காத காலங்கள் உண்டு. வெளிநாட்டு விமான நிறுவனங்கள் நைஜீரியாவில் பயணச்சீட்டு விற்று ஈட்டிய 80 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை 2023இல் வெளியே எடுக்க முடியாமல் அந்த நாட்டுக்குள் சிக்கிக் கிடந்தது. அந்தக் காரணத்தாலேயே எமிரேட்ஸ் 2022 இறுதியில் நைஜீரியச் சேவையை நிறுத்தி, 2024 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. அத்தனை பெரிய நிறுவனங்களே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இடத்தில் தனிமனிதர் ஒருவர் தெருவில் உள்ள மாற்றுக்காரரை நம்பிப் பணம் அனுப்புவது சட்டத்துக்கும் புறம்பு, பாதுகாப்பும் இல்லை.

அந்த நாட்டு நிலவரத்தை இங்கிருந்தே கவனிப்பது எப்படி

ஒப்பந்தத்துக்கு முன் ஒரு மாதமாவது நைஜீரியச் செய்திகளைப் படியுங்கள். பஞ்ச், பிரீமியம் டைம்ஸ், பிசினஸ்டே ஆகிய நாளிதழ்களும் செய்தித் தளங்களும் இணையத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதிகாரபூர்வ நைரா விகிதத்துக்கும், வங்கிக்கு வெளியே நாணயம் மாற்றும் வெளிச்சந்தையின் விகிதத்துக்கும் உள்ள இடைவெளி. 2023 ஜூனுக்கு முன் அதிகாரபூர்வமாக 460 என்று இருந்தபோது வெளிச்சந்தையில் 750 வரை விலை போயிற்று. அந்த இடைவெளி பெரிதாக இருக்கும்போது டாலர் தட்டுப்பாடு இருக்கிறது, விகிதம் உடையப் போகிறது என்று பொருள். 2025இல் விகிதம் பெரும்பாலும் 1,500ஐ ஒட்டியே நின்றது, இடைவெளியும் சுருங்கியது. இது நல்ல அறிகுறிதான். ஆனாலும் அந்த நாட்டின் அந்நியச் செலாவணி வரவில் மிகப் பெரும்பகுதி கச்சா எண்ணெயிலிருந்தே வருகிறது என்பதையும், உலக எண்ணெய் விலை சரியும்போதெல்லாம் நைராவும் உடன் சரிந்திருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

விலைவாசிக் கணக்கைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. 2024 டிசம்பரில் பணவீக்கம் 34.8 விழுக்காடு, 2025 ஜனவரியில் 24.48 விழுக்காடு. ஒரே மாதத்தில் விலைகள் இறங்கிவிடவில்லை. கணக்கிடும் அடிப்படை ஆண்டும் பொருட்களின் பட்டியலும் மாற்றப்பட்டன. அதற்குப் பின் எண்ணிக்கை படிப்படியாக இறங்கியது உண்மையே. ஆனால் பணவீக்கம் இறங்கிற்று என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். 2023 மே மாதம் லிட்டருக்கு 200 நைராவுக்கும் கீழே இருந்த பெட்ரோல் 2024 இறுதியில் 1,000 நைராவைத் தாண்டியது. பேருந்துக் கட்டணம், தக்காளி, அரிசி, ஜெனரேட்டர் செலவு என எல்லாம் அதன் பின்னால் ஏறின. லாகோஸ் நகரை அடுத்த லெக்கியில் நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய் திறனுள்ள டங்கோட்டே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 2024இல் இயங்கத் தொடங்கியது பெரிய மாற்றம்தான். அதற்கு முன் எண்ணெய் வளம் மிகுந்த அந்த நாடே பெட்ரோலை இறக்குமதி செய்துகொண்டிருந்தது.

இந்தச் சீர்திருத்தங்கள் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மானியத்துக்கும் செயற்கையான நாணய விகிதத்துக்கும் அரசு கொட்டிய பணம் எந்தக் கருவூலத்தாலும் நெடுநாள் தாங்கக்கூடியது அன்று. ஆனால் அதன் சுமை கூலிக்காரர் தலையில் விழுந்தது. 2022இல் அந்நாட்டுப் புள்ளிவிவர நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி 13.3 கோடி மக்கள், அதாவது நூற்றுக்கு 63 பேர், பல முனை வறுமையில் (கல்வி, உடல்நலம் போன்றவற்றின் குறையையும் சேர்த்து அளக்கும் வறுமை) இருந்தார்கள். 2024 ஜூலையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 நைராவிலிருந்து 70,000 நைராவாக உயர்த்தப்பட்டது. அந்த 70,000 நைராவும் அப்போது நம் பணத்தில் 4,000 ரூபாய் அளவே. நீங்கள் மேற்பார்வை பார்க்கப்போகும் தொழிலாளி அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவராக இருப்பார். அவரிடம் பேசும் பேச்சிலும் காட்டும் மரியாதையிலும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உள்ளூர்க்காரர்களே கிளம்பும் நாட்டுக்கு நாம் போவதா

வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் இந்தக் கேள்வி மிகவும் நியாயமானது. நைஜீரியாவில் படித்த இளைஞர்கள் பெருவாரியாகப் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் கிளம்பிக்கொண்டிருப்பது அங்கே அன்றாடப் பேச்சு. அதற்கு "ஜபா" என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் போவதால், 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட, சுகாதாரப் பணியாளர் தட்டுப்பாட்டால் பாதுகாப்பு தேவைப்படும் 55 நாடுகளின் பட்டியலில் நைஜீரியா இடம்பெற்றது. 2024இல் அந்நாட்டு நர்ஸிங் கவுன்சில், வெளிநாடு போவதற்கான சான்று சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் முன் உள்நாட்டில் இரண்டாண்டு பணியாற்றியிருக்க வேண்டும் என்று விதித்தது. செவிலியர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். செவிலியர் படிப்பை முடித்த பிள்ளைகளை வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் வழியனுப்பி வைத்துப் பழகிய வேலூருக்கு அவர்களுடைய மனநிலை எளிதில் புரியும். பிரிட்டனும் கதவைச் சாத்திக்கொண்டு வருகிறது: 2024 மார்ச் முதல் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல முடியாது, 2025 ஜூலையோடு அந்தப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் நின்றது.

அவர்கள் கிளம்புவதற்கும் நம்மவர்கள் போவதற்கும் அடிப்படை ஒன்றே. நைராவில் சம்பாதிப்பவர் சேமித்ததெல்லாம் கண்முன்னே கரைவதைப் பார்க்கிறார். டாலரில் சம்பாதிப்பவருக்கு அந்தக் கரைப்பு இல்லை. எனவே பெரியவர்களின் கேள்விக்கு நேர்மையான விடை உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதில் நைரா மட்டுமே இருந்தால், எதிலிருந்து தப்ப அந்நாட்டு இளைஞர்கள் ஊரை விட்டுப் போகிறார்களோ அதற்குள்தான் நீங்கள் நுழைகிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. தேர்ந்த ஆட்கள் வெளியேறுவதால் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டுத் தொழில்நுட்பர்கள் தேவைப்படுகிறார்கள். ஆனால் நைஜீரிய அரசு வெளிநாட்டவருக்கான பணியிட ஒதுக்கீட்டைக் கொடுக்கும்போதே, ஒவ்வொரு வெளிநாட்டவருக்கும் கீழே இரண்டு நைஜீரியர்கள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. நியாயமான நிபந்தனை அது. உங்கள் பணி காலவரம்பு உள்ளது, கற்றுக்கொடுத்துவிட்டு வர வேண்டியது என்பதை மனத்தில் கொண்டு, இரண்டு அல்லது மூன்று ஆண்டுச் சேமிப்பில் எதை முடிக்கப்போகிறோம் என்று புறப்படும் முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

தோல் தொழிலில் போகிறவர்களுக்கு

வடக்கே கானோ நகரம்தான் அந்நாட்டுத் தோல் தொழிலின் மையம். சல்லாவா, ஷரடா, பொம்பாய் ஆகிய தொழிற்பேட்டைகளில் டேனரிகள் இருக்கின்றன. சொகோட்டோ சிவப்பு ஆடு என்னும் இனத்தின் தோல் நுண்மைக்கும் உறுதிக்கும் பேர்பெற்றது. சகாரா பாலைவனம் கடந்து மொராக்கோ வழியாக ஐரோப்பாவுக்குப் போய் மொராக்கோ தோல் என்றே விற்கப்பட்டது. ஆட்டுத்தோலில் கைதேர்ந்த நம்மவர்களுக்கு அந்தச் சரக்கு பிடித்துப்போகும். மாட்டுத்தோல் நிலை வேறு. அங்கே மாட்டுத்தோலை மயிர் பொசுக்கி, வேகவைத்து, பொன்மோ என்ற பெயரில் குழம்பில் போட்டு விரும்பி உண்கிறார்கள். சந்தையில் பழுப்பு நிறத்தில் சுருண்டு குவிந்திருக்கும் அந்தத் துண்டுகளைப் பார்த்தால் நம் ஊர்த் தோல் மண்டிக்காரர் திகைத்துப் போவார். ஆகவே டேனரிக்கு மாட்டுத்தோல் வாங்குபவர் சமையல்காரரோடு விலைப்போட்டி போட வேண்டியிருக்கிறது. பச்சைத் தோலையும், வெட் புளூ எனப்படும் பாதி பதனிட்ட ஈரநிலையில் உள்ள தோலையும் ஏற்றுமதி செய்ய அங்கே தடை உள்ளது. அதனால் அதற்கடுத்த க்ரஸ்ட் (உலர்த்திப் பக்குவப்படுத்துதல்), ஃபினிஷிங் (மெருகேற்றுதல்) வேலை தெரிந்தவருக்கே மதிப்பு. நேர்காணலின்போது, எந்த மாதங்களில் ஆலைக்குத் தோல் வரத்து குறைகிறது, அந்த மாதங்களில் சம்பளம் முழுதாக உண்டா என்று கேளுங்கள். மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது, மீதி நேரத்துக்கு டீசலா எரிவாயுவா என்றும் கேளுங்கள். 2024இல் தேசிய மின்தொகுப்பு பலமுறை முற்றிலும் செயலிழந்தது. தோல் பதனிடும் டிரம் ஓடும்போது மின்சாரம் போனால் என்னாகும் என்பதை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சல்லாவா ஆறும் டேனரிக் கழிவால் கெட்டுப்போன ஆறுதான். பாலாற்றுக்கு நேர்ந்ததைக் கண்ணால் கண்டு, 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நடந்த விதத்தையும் அறிந்தவர்கள், அந்த அனுபவத்தைத் தம் தகுதிகளில் ஒன்றாக எழுதத் தயங்க வேண்டாம்.

விசாவும் உரிமங்களும்

இந்தியாவிலிருந்து வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் நைஜீரியா இல்லை. இதை வசதி என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். இதன் மறுபக்கம், சவூதிக்கோ குவைத்துக்கோ போகும் தொழிலாளியின் ஒப்பந்தம் அரசின் பார்வைக்கு வருவதுபோல உங்களுடையது வராது. நீங்களும் உங்கள் வீட்டாரும் படிப்பதுதான் அதற்குள்ள ஒரே சோதனை. ஆனால் ஆள் எடுக்கும் ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவராக இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அவருடைய பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று கேட்பவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் கேட்கலாம்.

நிறுவனம் உண்மையில் இருக்கிறதா என்பதை வேலூரில் உட்கார்ந்தே பார்க்க முடியும். நைஜீரியாவின் நிறுவனப் பதிவு ஆணையத் தளத்தில் பெயரையோ பதிவு எண்ணையோ இட்டுத் தேடலாம். மோசடிக்காரர்கள் நிஜ நிறுவனத்தின் பெயரையே வைத்து, மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி எழுதுவது வழக்கம். எனவே பணி ஆணையில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்க வேண்டும். வேலை கொடுப்பவர் முன்பணம் கேட்டால், அது மருத்துவப் பரிசோதனைக்கு என்றாலும் விசாக் கட்டணம் என்றாலும், அனுப்பக் கூடாது.

நீண்டகால வேலைக்குப் போகிறவர்களுக்கு உரியது எஸ்.டி.ஆர். விசா, அதாவது போய்ச் சேர்ந்த பின் வதிவிட அனுமதியாக முறைப்படுத்திக்கொள்ள வேண்டிய விசா. அதை வாங்க, நிறுவனம் தனக்குக் கிடைத்த வெளிநாட்டவர் பணியிட ஒதுக்கீட்டு ஆணையின் நகலைத் தர வேண்டும். அந்த நகலில் உள்ள பதவிப் பெயர் உங்கள் பணி ஆணையில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். போய் இறங்கிய 90 நாட்களுக்குள் செர்பாக் என்னும் வதிவிட அட்டையைப் பெற்றுவிட வேண்டும். அந்த அட்டையின் ஆண்டுக் கட்டணம் 2018 இறுதியில் 1,000 டாலரிலிருந்து 2,000 டாலராக உயர்ந்தது. ஆண்டுதோறும் இதை நிறுவனமே கட்டும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் உங்கள் இரண்டு மாதச் சேமிப்பு அதற்கே போய்விடும். 2024 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் நிறுவனம் 10,000 டாலரும், இயக்குநர் நிலையில் உள்ளவருக்கு 15,000 டாலரும் ஆண்டுக்குக் கட்ட வேண்டும் என்று ஒரு வரி அறிவிக்கப்பட்டு, சில வாரங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. விதிகள் இப்படி மாறக்கூடிய நாடு என்பதால், "அரசு விதிக்கும் புதிய கட்டணங்கள் அனைத்தும் நிறுவனத்தைச் சாரும்" என்ற ஒரு வரியையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வணிக விசாவிலோ சுற்றுலா விசாவிலோ வந்து சேருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் போக வேண்டாம். அந்த விசாவில் வேலை செய்வது குற்றம். சம்பளம் தராவிட்டால் புகார் சொல்லும் இடத்திலும் நீங்களே குற்றவாளியாக நிற்க நேரிடும். போன பின் பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவற்றில் மறந்துபோகக் கூடியவை இன்னும் சில உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை போய்வரும் விமானச்சீட்டு. மருத்துவக் காப்பீடும், தேவையானால் இந்தியாவுக்கு அழைத்துவரும் செலவும். நிறுவனம் இடையில் அனுப்பிவிட்டால் எத்தனை மாதச் சம்பளம் என்பது. உயிரிழப்பு நேர்ந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் பொறுப்பு. கடைசியாகச் சொன்னதைப் பேச வீட்டில் யாருக்கும் மனம் வராது. இருந்தாலும் எழுதி வாங்கிவிட வேண்டும்.

எந்த ஊர் என்பதைத் தெளிவாகக் கேட்பது

நைஜீரியா முழுவதும் ஆபத்து என்பதும், பயமே இல்லை என்பதும் இரண்டும் பொய். 36 மாநிலங்களும் அபுஜா தலைநகரப் பகுதியும் கொண்ட நாடு அது. 2009 முதல் போக்கோ ஹராம் கிளர்ச்சி வாட்டும் வடகிழக்கின் போர்னோவுக்கும், தெற்கே லாகோஸ் நகரத்துக்கும் வெகுதூரம். வடமேற்கில் சம்ஃபாரா, கட்சினா, கடுனா மாநிலங்களில் ஆயுதக் கும்பல்கள் பணத்துக்காக ஆள் கடத்துகின்றன. 2022 மார்ச்சில் அபுஜாவிலிருந்து கடுனா போன ரயிலையே தாக்கிப் பயணிகளைக் கடத்திச் சென்றார்கள். கானோ நகரம் அந்த அளவு மோசமில்லை, ஆனால் அங்கே போகும் சாலைகள் இந்தப் பகுதிகளைக் கடந்தே போகின்றன. ஆகவே ஊருக்கு ஊர் பயணம் விமானத்தில்தான் என்றும், அதன் செலவு நிறுவனத்துடையது என்றும் இருக்க வேண்டும். தங்குமிடம் ஆலை வளாகத்துக்குள்ளா, வெளியே என்றால் வாகனமும் காவலும் உண்டா என்று கேளுங்கள். கானோ உட்பட வடக்கே 12 மாநிலங்களில் ஷரியா சட்டம் நடைமுறையில் உள்ளது. மது, உடை, பொது நடத்தை ஆகியவற்றில் அந்த ஊர் ஒழுங்கை மதித்து நடக்க வேண்டும். 2027இல் பொதுத் தேர்தல் வருகிறது. வாக்குப்பதிவை ஒட்டிய வாரங்களில் விடுப்பெடுத்து ஊருக்கு வந்துவிடுவது நல்லது.

சேர்ந்தவுடன் அபுஜாவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷன்) உங்கள் பெயரையும் முகவரியையும் பதிவு செய்யுங்கள். லாகோஸிலும் அதன் அலுவலகம் உண்டு. சம்பளம் இரண்டு மாதம் நின்றால் மூன்றாவது மாதம் வரை காத்திருக்க வேண்டாம். வெளியுறவுத் துறையின் மதாத் (MADAD) என்னும் புகார்த் தளத்தில் நீங்களோ, வேலூரில் இருந்தபடி உங்கள் மனைவியோ தந்தையோ புகார் பதியலாம். ஒப்பந்தம், விசா, ஒதுக்கீட்டு நகல், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றின் பிரதி வீட்டில் ஒரு கோப்பில் இருந்தால்தான் அந்தப் புகாருக்கு வலு இருக்கும்.

வங்கி, வரி

வெளிநாட்டு வேலைக்குப் போனவர் தம் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது; அதை, வெளிநாட்டில் வாழும் இந்தியர் உள்நாட்டு வரவை வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, வெளிநாட்டுச் சம்பளம் வந்து சேர ஒரு என்.ஆர்.இ. கணக்கும் தொடங்க வேண்டும். நிதியாண்டில் 182 நாட்கள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் வரிக் கணக்கு மாறிவிடும் என்பதால், புறப்படும் தேதியைத் தீர்மானிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

தடுப்பூசியும் காய்ச்சலும்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் நைஜீரியாவுக்குப் புறப்படக் கூடாது. திரும்பி வரும்போது அந்தச் சான்று இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்ட பத்து நாட்களுக்குப் பிறகே சான்று செல்லும் என்பதால், விமானச்சீட்டு வாங்கிய பின் ஓடாமல் முன்பே போய்வர வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். ஒருமுறை போட்டால் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆகவே அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மலேரியாவை நம்மவர்கள் இலேசாக எடுத்துக்கொள்வதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. உலகில் ஏற்படும் மலேரியா நோயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நைஜீரியாவில் ஏற்படுகிறது. அங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரை எடுக்கக்கூடியது. சிறு வயது முதல் அதற்கு ஆளாகிப் பழகிய அந்நாட்டுப் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டு. நமக்கு இல்லை. மருந்து தடவிய கொசுவலையில் உறங்குங்கள், தடுப்பு மாத்திரை பற்றிப் புறப்படும் முன் மருத்துவரிடம் கேளுங்கள், அங்கே காய்ச்சல் கண்ட அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விடுப்பில் ஊருக்கு வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் படுத்துவிடாமல் மருத்துவமனைக்குப் போய், நான் நைஜீரியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இதை வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள், ஏனெனில் காய்ச்சல் தலைக்கேறிய நிலையில் அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்களாக இருக்கக்கூடும்.